எல்லா மனுக்களிலும் ஒரே விலாசம்

மந்த்ராலயா அண்ணாச்சி இறந்துவிட்டார் என்று உம்மா போனில் சொன்னபோது, நான் கேட்காமல் விட்ட கேள்வி ஒன்று உண்டு. அவருடைய பீரோ சாவி இப்போது யாரிடம் இருக்கிறது? அதுதான் கேள்வி. பம்பாயில், சயான் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் நின்றிருந்தேன். வேலைக்குப் போகும் நேரம், இரண்டு பக்கமும் இடித்துக்கொண்டு போனார்கள். "அண்ணாச்சி மவுத்தாப் போயிட்டாருடி" என்றாள் உம்மா. வாப்பா இறந்த அன்று அழுத அதே குரலில் அழுதாள். அது எனக்குப் பிடிக்கவில்லை. "வாரேன் உம்மா" என்று மட்டும் சொன்னேன். போனை வைத்த பிறகும் சாவியைப் பற்றித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் எப்படி இறந்தார் என்று கேட்கவேண்டும் எனத் தோன்றியபோது வண்டி வந்துவிட்டது.

எங்களுக்கு ஏன் அந்தச் சாவி வேண்டும் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாப்பா எங்கள் வீட்டு வாசலில் நிற்பது போன்ற படம் ஒட்டிய பழைய அட்டை ஒன்று உண்டு. போட்டோ பாஸ் என்போம். இந்த இடத்தில் இத்தனை காலமாக நாங்கள் குடியிருக்கிறோம் என்பதற்கு எங்களிடம் இருந்த ஒரே அசல் அதுதான். எங்கள் சந்தின் வழியாக அகலமான சாலை வரப்போகிறது, பட்டியலில் பெயர் உள்ளவர்களுக்கு மட்டும் மாற்று வீடு என்று சொல்லிவிட்டார்கள். வாப்பா பெயரில் உள்ள அட்டை உம்மா பெயருக்கு மாறினால்தான் பட்டியலில் உம்மா வருவாள். அதற்கான மனுவை அண்ணாச்சி எடுத்துப்போனார். அட்டையையும் எடுத்துப்போனார். மூன்று வருடங்களாக அது அவர் பீரோவுக்குள் இருந்தது.

எங்கள் பகுதித் தமிழர் சங்கத்தின் செயலாளர் ராஜதுரை அண்ணன் மறுவாரமே வீட்டுக்கு வந்தார்.

"நினைவு மலருக்கு நாலு பக்கம் வேணும் சபீனா. அவருக்கு மனு எழுதிக் கொடுத்தவ நீதான. நீ எழுதாம வேற யாரு எழுதுவா?"

"நான் எழுதினா நல்லா இருக்காதுண்ணே."

"நல்லா எழுதுவேன்னுதான கேக்கோம்."

"எழுத்து நல்லா இருக்கும். விஷயம் நல்லா இருக்காது."

அவர் சிரித்தார். அடக்கமாகப் பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டார். ஒரு வரியும் வெட்டாமல் போடுவீர்களா என்று கேட்டேன். "நம்ம மலருல யாரு வெட்டப் போறா, படிக்கிறதே பத்துப் பேரு" என்றார். அந்த வாக்கை நம்பி எழுதுகிறேன். உங்களில் பலருக்கு அவர் தெய்வம். உங்கள் வீட்டுக் கல்யாணங்களில் முதல் பந்தியில் அவரை உட்கார வைத்தவர்கள் நீங்கள். இதைப் படித்துவிட்டு என் உம்மாவிடம் சண்டைக்குப் போகாதீர்கள். அவளும் உங்கள் கட்சிதான்.

சுடலைமுத்து என்ற அவருடைய பெயர் பெரும்பாலோருக்கு அவர் இறந்த பிறகு ஒட்டிய சுவரொட்டியில்தான் தெரிந்தது. திருநெல்வேலிக்குத் தெற்கே இருந்து சின்ன வயதில் வந்தவர். மந்த்ராலயாவுக்குள் டீ கொண்டுபோகும் காண்டிராக்டரிடம் பல வருடங்கள் வேலை பார்த்தார். மாநிலத்தின் தலைமைச் செயலகமான அந்த மந்த்ராலயாவை அவர் மாடி மாடியாக அறிந்தது கெட்டிலும் கிளாசுமாகத்தான். அந்த வேலை போனபிறகு, அந்தக் கட்டடத்தை அறிந்தவர் என்பதே அவருக்குத் தொழிலாயிற்று. தாராவியில் யாருக்காவது ரேஷன் கார்டு, விதவைப் பென்ஷன், வீட்டுக் காகிதம் என்று எது சிக்கினாலும் "அண்ணாச்சிட்ட குடு, அவரு மந்த்ராலயாவுல போட்டுருவாரு" என்பார்கள். காசு வாங்கமாட்டார். அதற்கு நானும் சாட்சி. வாங்கியிருந்தால் யாராவது ஒருநாள் கோபப்பட்டுக் கேள்வி கேட்டிருப்பார்கள். வாங்காததால் யாருக்கும் கேட்க வாயில்லாமல் போயிற்று.

காசுக்குப் பதில் அவர் வேறொன்றை வாங்கினார். ஞாயிற்றுக்கிழமை காலையில் தொண்ணூறு அடி ரோட்டுப் பக்கம் அவருடைய மாடி அறைக்குப் போனவர்களுக்குத் தெரியும். இரும்பு ஏணிப்படியில் ஆள் ஆளாக உட்கார்ந்திருக்கவேண்டும். அவர் வந்தால் ஏணியிலேயே எழுந்து நிற்கவேண்டும். அவர் பேப்பர் பார்த்து முடிக்கும்வரை யாரும் இருமக்கூடாது. அவருக்குப் பின்னால் பச்சை நிற இரும்பு பீரோ. ஊரில் உள்ள அத்தனை பேரின் அசல் காகிதங்களும் அதற்குள். சாவி இடுப்பில்.

பத்தொன்பது வயதில் அந்த அறையில் எனக்கு ஒரு ஸ்டூல் கிடைத்தது. முனிசிபல் பள்ளியில் தமிழ் படித்தவள் நான், கல்லூரியில் மராத்தியும் நன்றாக வந்தது. அவர் தமிழில் சொல்வார், நான் மராத்தியில் எழுதுவேன். மனு எழுதுவதில் அவருக்கு ஒரு கொள்கை இருந்தது. முருகம்மாக்கா ஒருமுறை தன் கதையைச் சொல்ல ஆரம்பித்தாள். எங்கள் சந்தில் விடியுமுன் இட்லி அவித்துக் கூடையில் அனுப்புகிறவள். புருஷன் ஓடிப்போனது, மகன் படிப்பை விட்டது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே போனாள். அவர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"இந்தா பாரு முருகம்மா. மனு சின்னதா இருக்கணும். அழுகையெல்லாம் உன் வீட்டோட இருக்கட்டும். சர்க்காருக்கு என்ன வேணும்? பேரு, விஷயம், என்ன கேக்க. அம்புட்டுதான்."

"அழுதாத்தான அண்ணாச்சி எரக்கப்படுவாவ?"

"எரக்கப்படுத டேபிளு அங்க கெடையாது."

இது சரியான பேச்சுதான். அவர் சொன்னதில் சரியானவையும் இருந்தன என்பதை மறைக்கமாட்டேன். அவருடைய இன்னொரு கொள்கைதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம். மராத்தி மனுவில் வலது பக்கம் மேலே விண்ணப்பதாரரின் பெயரும் விலாசமும் வரவேண்டும். பெயர் அவரவருடையது. விலாசம் மட்டும் எல்லா மனுவிலும் அண்ணாச்சியுடையது. "சந்துக்குள்ள தபால்காரன் வரமாட்டான். வந்தாலும் பத்து முருகம்மா, இருவது செல்லம்மா இருக்கீங்க, எவ வாங்கினான்னு யாரு கண்டா? பேரு உங்களுது, விலாசம் என்னுது." இதை அவர் சிரித்துக்கொண்டே சொல்வார், ஏணிப்படியில் இருப்பவர்களும் சிரிப்பார்கள். மூன்று வருடங்கள் அந்த ஒரே விலாசத்தை நூற்றுக்கணக்கான தடவை என் கையால் எழுதினேன். இப்போதும் தூக்கத்தில் எழுப்பினால் பின்கோடு சொல்வேன்.

ஒருமுறை என்னையும் மந்த்ராலயாவுக்கு அழைத்துப்போனார். கஞ்சிபோட்ட வெள்ளைச் சட்டை, கக்கத்தில் ரெக்சின் பை. வி.டி. ஸ்டேஷனில் இறங்கி, பஸ்ஸில் ஏறினால் காகிதம் கசங்கும் என்று நடந்தே போனோம். அதுவரை நான் அந்தப் பக்கம் போனதில்லை. மரங்கள் இருந்தன. நடைபாதையில் நடக்க இடம் இருந்தது. நானும் இந்தத் தலைநகரத்தில் பிறந்தவள்தான், ஆனால் அந்தத் தெருக்களில் வெளியூர்க்காரி போலத்தான் நடந்தேன். கேட்டுக்கு வெளியே, உள்ளே போகும் பாஸுக்கு நீண்ட வரிசை. இராத்திரி முழுக்க ரயிலில் வந்த விவசாயிகள், காலையிலேயே வந்து தரையில் துண்டு விரித்து உட்கார்ந்திருந்தார்கள். முன்னால் நின்ற பெரியவர் எந்த ஜில்லா என்று மராத்தியில் என்னைக் கேட்டார். தாராவி என்றேன். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. "இங்கேயே இருக்கிறாய், அரை மணி நேரப் பாதை. உனக்கு எதற்கம்மா வரிசை?" என்றார். அண்ணாச்சி என் தோளைத் தொட்டு முன்னால் தள்ளினார்.

ஏணிப்படியில் எல்லாரையும் எழுந்து நிற்க வைத்தவர், கேட்டில் நின்ற போலீஸ்காரரைப் பார்த்ததும் முதுகை வளைத்தார். "நமஸ்கார் சாப்" என்றார். அந்த ஆள் இவரைப் பார்க்கவே இல்லை. உள்ளே தரைத்தளத்தில் ஒரு கவுண்டர். மனுக்களை ஒவ்வொன்றாக நீட்டினார். அங்கே இருந்த பெண் தலை நிமிராமல் பிரதியில் முத்திரை குத்தி, நம்பர் எழுதி, திருப்பித் தள்ளினாள். "அடுத்தது, காகா" என்றாள், மராத்தியில் சித்தப்பா என்பதுபோல. கால் மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பிறகு வராந்தாவில் நின்று மேலே கை காட்டினார். "மூணாவது மாடி, எடது பக்கம் கடேசி ரூம்பு. அவருக்குச் சர்க்கரை கம்மி. அஞ்சாவதுல ஒரு மேடம், இஞ்சி போட்டாத்தான் குடிப்பாவ." அவர்களெல்லாம் ரிடையராகிப் பல வருடம் ஆகியிருக்கும். நாங்கள் எந்த மாடிக்கும் போகவில்லை.

அன்று சாயங்காலம் ஏணிப்படியில் முருகம்மாக்கா காத்திருந்தாள்.

"போட்டாச்சா அண்ணாச்சி?"

"மூணாவது மாடி. சாப் கையிலயே குடுத்திருக்கேன். பிள்ளயும் கூட வந்துச்சு, கேட்டுப் பாரு."

அவள் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். அது நான் செய்தது. அவள் போனபிறகு அவர் தாழ்ந்த குரலில் சொன்னார்: "அங்க பாத்தத இங்க சொல்லப்பிடாது பிள்ள. கவுண்டர்ல போட்டேன்னு சொன்னா இவங்களுக்குத் தூக்கம் வருமா? சாப்னு சொன்னாத் தூங்குவாங்க." தூங்க வைப்பதைச் சேவை என்று அவர் உண்மையிலேயே நம்பினாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. நம்பினார் என்றால், அது எனக்கு இன்னும் கசப்பாக இருக்கிறது.

குளிர்காலத்தில் சட்டமன்றக் கூட்டம் நாக்பூரில் நடக்கும். மந்திரிகள் அங்கே போய்விடுவார்கள். அண்ணாச்சிக்கு அந்த மாதம் ஒரு வரப்பிரசாதம். யார் வந்து கேட்டாலும் "மந்த்ராலயா இப்ப நாக்பூருக்குப் போயிருக்கு" என்பார். முருகம்மாக்காவுக்கு அது புரியவே இல்லை.

"அம்புட்டுப் பெரிய கட்டடத்த எப்படி அண்ணாச்சி நாக்பூருக்குக் கொண்டு போவாவ?"

"கட்டடம் இங்கதான் இருக்கும். ஆபீசு போயிரும்."

"அப்ப கட்டடத்துல யாரு இருப்பா?"

"பூனை."

ஏணிப்படியே குலுங்கும்படி எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரித்துவிட்டு, மறுவாரம் கல்லூரிக்குப் போகாமல் தனியாக வி.டி.க்கு ரயிலேறினேன். அதே கேட், அதே வரிசை, அதே கவுண்டர். அதே பெண் தலை நிமிராமல் முத்திரை குத்திக்கொண்டிருந்தாள். நாக்பூர் போனது மந்திரிகள் மட்டும்தான். வீட்டுக்கு வந்து உம்மாவிடம் சொன்னேன். "அவரு சொன்னா ஒரு காரணம் இருக்கும்" என்றாள். வாப்பா இறந்தபோது முதல் ஆளாக வந்து, பள்ளிவாசல் கபரஸ்தானில் அடக்கம் செய்வதற்கான காகிதமெல்லாம் முடித்துக் கொடுத்தவர் அவர். அந்த ஒரு நாளை உம்மா மறக்கவில்லை. அதைக் கொண்டு அவள் எல்லாவற்றையும் மன்னித்தாள். என்னால் அது முடியவில்லை.

பிறகு எங்கள் மனுவின் முறை வந்தது. வாப்பாவின் அட்டையை உம்மா பெயருக்கு மாற்றக் கேட்டு எழுதினேன். எங்கள் வீட்டு மனு என்பதால் வலது பக்கம் மேலே எங்கள் சந்தின் விலாசத்தை எழுதினேன். வாசித்துக் காட்டும்போது அந்த வரியை விட்டுவிட்டேன். கையெழுத்துக்காக உம்மாவிடம் தள்ளப்போன அண்ணாச்சி நிறுத்தினார். விரலை அந்த இடத்தில் வைத்தார்.

"இது என் வீடு இல்லியே."

"எங்க வீடு அண்ணாச்சி."

"எதுக்கு?"

"பதில் எங்களுக்கு வரட்டும்னுதான்."

"முந்நூறு வீட்டுக்குப் பதில் எனக்கு வருது. உங்களுக்கு மட்டும் என்ன தனியா தபாலாபீசு? மாத்தி எழுது. இல்லன்னா எடுத்துட்டுப் போ, நீயே போய் லைன்ல நில்லு."

"நிக்கிறேன். வாப்பா அட்டையத் தாங்க."

"அசலு இல்லாம எவன் கேப்பான்? அது பீரோவுல பத்திரமா இருக்கு."

"ஏன் அண்ணாச்சிட்ட மல்லுக்கு நிக்க? எழுதும்மா" என்றாள் உம்மா. ஏணிப்படியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். நான் மாற்றி எழுதினேன். அவருடைய விலாசத்தை, பின்கோடு உட்பட. எழுதி முடித்துவிட்டுப் பேனாவை மூடி, "இனிமே உங்களுக்கு ஒரு எழுத்து எழுதமாட்டேன், படிக்கவும் மாட்டேன்" என்றேன். "எழுத ஆளா இல்ல, பம்பாயில?" என்று அவர் சிரித்தார். அதன்பிறகு இரண்டு நாள் உம்மா என்னிடம் பேசவில்லை.

ஒரு விஷயத்தை அந்த அறையில் நான் மட்டும் அறிந்திருந்தேன். அண்ணாச்சிக்கு மராத்தி எழுத்துப் படிக்கத் தெரியாது. பேசுவார், பிசகில்லாமல் பேசுவார். எழுத்து மட்டும் தெரியாது. தன் விலாசத்தின் உருவத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தார், அவ்வளவுதான். பதில் கடிதம் வந்தால் பிளேடால் உறையின் ஓரத்தை நேராகக் கீறி, காகிதத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "கண்ணாடி இல்ல பிள்ள, இதப் படி" என்று என்னிடம் தருவார். கண்ணாடி சட்டைப்பையில் இருக்கும். மூன்று வருடங்களில் நான் ஒருதரமும் அதைச் சுட்டிக்காட்டவில்லை. அது ஒன்றுதான் நான் அவருக்குச் செய்த மரியாதை. நான் போனபிறகு மனுக்களைக் கோர்ட்டுப் பக்கம் ஒரு டைப் கடையில் வாயால் சொல்லி அடித்து வாங்கினார் என்று கேள்விப்பட்டேன். பதில்களை யார் படித்துக் காட்டுகிறார்கள் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருந்தேன் என்று சொல்வதுதான் சரி.

அதற்கு அடுத்த மழைக்காலத்தில் ஒருநாள் அவர் எங்கள் வீட்டுக்கு வந்தார். அதற்கு முன் யார் வீட்டுக்கும் அவர் நடந்து போனதில்லை, எல்லாரும்தான் அவரிடம் போவார்கள். சந்தில் கணுக்கால் தண்ணீர். வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். நான் உள்ளே அடுப்பு மேடைக்குப் பின்னால் இருந்தேன்.

"பிள்ள இருக்காளா?"

நான் உம்மாவைப் பார்த்துக் கையை ஆட்டினேன்.

"இல்லியே அண்ணாச்சி, வேலைக்குப் போயிருக்கா. என்ன விஷயம்?"

"ஒண்ணுமில்ல. சும்மா, இந்தப் பக்கம் வந்தேன்."

"உள்ள வாங்க. டீ குடிச்சிட்டுப் போங்க."

"வேண்டாம். எப்ப வருவா?"

"லேட்டாகும்."

தகரத்தில் மழை விழுந்துகொண்டிருந்ததால் போய்விட்டாரா என்பது உள்ளே எனக்குத் தெரியவில்லை. பிறகு உம்மா வந்து என் முதுகில் ஒரு அடி வைத்தாள். "வயசானவர நனைய விட்டுட்டியே. என்னைப் பொய் சொல்ல வேற வைக்க. கக்கத்துல அந்தப் பையை வச்சுக்கிட்டு நின்னாரு பாவம்." என்ன பை என்று நான் கேட்கவில்லை. என்னை மறுபடி வேலைக்கு அழைக்க வந்திருக்கிறார் என்று நினைத்தேன். ஜெயித்துவிட்டதாகக்கூட நினைத்தேன். அன்று இரவு நன்றாகச் சாப்பிட்டேன்.

இந்த வருடத் தொடக்கத்தில் அவர் இறந்தார். பதினாறாம் நாள் காரியத்துக்கு உம்மாவுடன் போனேன். சங்கத்துக்காரர்கள் மைக் வைத்திருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராக எழுந்து, மந்த்ராலயாவில் அவருக்குத் தனி நாற்காலி இருந்தது என்றார்கள், செயலாளர்கள் எழுந்து நின்று வரவேற்பார்கள் என்றார்கள். ராஜதுரை அண்ணன் என்னைப் பார்த்து, "ரெண்டு வார்த்த சொல்லு சபீனா" என்றார். நான் தலையசைத்து மறுத்தேன். நாற்காலி இல்லை, கவுண்டர்தான் இருந்தது என்று அன்றும் சொல்லவில்லை. முருகம்மாக்கா எனக்குப் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய பென்ஷன் மனு போட்டுப் பல வருடம் ஆகியிருந்தது. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

கூட்டம் கலைந்தபிறகு அவருடைய மகள் செல்வி, செம்பூரில் இருப்பவள், என்னை மாடிக்குக் கூப்பிட்டாள். ஏணியில் யாருமே இல்லாமல் நான் ஏறியது அன்றுதான். பீரோ திறந்திருந்தது. சாவி அதிலேயே தொங்கியது. மேல்தட்டில் எல்லாருடைய அசல்களும் பிளாஸ்டிக் உறைகளில், பெயர் தமிழில் எழுதி, அகர வரிசைப்படி. ஒன்றுகூடத் தொலையவில்லை. நான் அவரைப் பற்றி நினைத்திருந்த மோசமான விஷயங்களில் ஒன்று அந்த நிமிடம் பொய்யாயிற்று. கீழ்த்தட்டில் ரெக்சின் பை. அதற்குள் சர்க்கார் உறைகள், ஒவ்வொன்றும் ஓரத்தில் பிளேடால் நேராகக் கீறப்பட்டு.

"இதெல்லாம் மராத்தியில இருக்கு. எனக்கு ஹிந்தி ஸ்கூல், ஓரளவு எழுத்துக் கூட்டுவேன், அர்த்தம் வரமாட்டேங்கு" என்றாள் செல்வி. "ஆஸ்பத்திரியில இருக்கும்போது அப்பா சொன்னாரு, இத சபீனாதான் படிக்கணும்னு. ஏம்ப்பா முன்னாடியே குடுக்கலன்னு கேட்டேன். 'போனேன், அவ வீட்டுல இல்ல'ன்னாரு."

நான் தரையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படித்தேன். எல்லாம் நான் விலகிய பிறகு வந்தவை. பெரும்பாலானவை ஒரே மாதிரி. உங்கள் மனு மந்த்ராலயாவிலிருந்து உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டிருக்கிறது, விண்ணப்பதாரர் அசல் ஆவணங்களுடன் இன்ன தேதியில் நேரில் வரவும். முருகம்மாக்காவுக்கு இரண்டு கடிதங்கள் வந்திருந்தன. உம்மாவுக்கு ஒன்று. அவர் மழையில் எங்கள் வாசலில் நின்ற அந்த வாரம் வந்தது. நேரில் வரச் சொன்ன தேதி அதிலிருந்து இருபது நாள் தள்ளி. வரச் சொன்ன அலுவலகம் எங்கள் வீட்டிலிருந்து பத்து நிமிட நடை. தலைநகரத்தின் மறுகோடி வரை போன மனு, ஒழுங்காகத் திரும்பி எங்கள் பக்கத்துத் தெருவுக்கே வந்திருந்தது. எந்த மாடியிலும் அது தூங்கவில்லை. அண்ணாச்சியின் பைக்குள்தான் தூங்கியது.

அவரை நான் மன்னிக்கவில்லை. அன்று வாசலில் நின்று "எனக்குப் படிக்கத் தெரியாது, இதைப் படித்துக் கொடு" என்று அவர் உம்மாவிடம் சொல்லியிருக்கலாம். கடிதத்தை உம்மாவின் கையில் கொடுத்துவிட்டுப் போயிருக்கலாம், அது அவளுடைய பெயருக்கு வந்தது. முந்நூறு வீட்டின் தபாலைத் தன் பெட்டிக்கு வரவழைத்த மனிதர், அதில் ஒன்றையும் படிக்க முடியாது என்று சொல்ல வெட்கப்பட்டார். அந்த வெட்கத்துக்கு எத்தனை வீடுகள் பதில் சொல்லின என்று அந்தப் பையைப் பார்த்தவள் நான். அவரை ஏழைகளின் வக்கீல் என்று மலரின் அட்டையில் அச்சடிக்கப் போவதாக ராஜதுரை அண்ணன் சொன்னார். அச்சடியுங்கள். என் பக்கம் மட்டும் இப்படியே இருக்கட்டும்.

என்னையும் நான் விடவில்லை. கண்ணாடி சட்டைப்பையில் இருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அடுப்பு மேடைக்குப் பின்னால் ஒளிந்தவளுக்கும் அந்தப் பையில் பங்கு உண்டு. இதை இங்கே எழுதுவது முருகம்மாக்கா படிப்பாள் என்பதால் அல்ல, அவளுக்குப் படிக்கத் தெரியாது. அவளிடம் நேரிலேயே சொல்லிவிட்டேன். இரண்டு கடிதத்தையும் வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு அவள், "அண்ணாச்சி கஷ்டப்பட்டிருப்பாரு பாவம், யார்ட்டயும் கேக்க முடியாம" என்றாள். எனக்கு அவள்மேல் கோபம் வந்தது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒன்றுதான். மனு சின்னதாக இருக்கவேண்டும், அழுகை வீட்டோடு இருக்கட்டும். இதை எழுதும்போதும் முடிந்தவரை அப்படியே செய்திருக்கிறேன்.

பீரோவிலிருந்து வாப்பாவின் அட்டையை அன்றே வாங்கிவந்தேன். மறுநாள் காலை அந்தப் பத்து நிமிட நடை அலுவலகத்தில் நானும் உம்மாவும் நின்றோம். விண்ணப்பதாரர் வராததால் கோப்பு முடிக்கப்பட்டது என்றார்கள். புதிதாக எழுதிக் கொடுத்தேன், எங்கள் விலாசம் போட்டு. பட்டியல் அந்த மாதமே சுவரில் ஒட்டப்பட்டது. உம்மாவின் பெயர் அதில் இல்லை. மே மாதம் சந்தின் எங்கள் பக்கத்தை இடித்தார்கள். இப்போது கோவண்டியில் உம்மாவின் தம்பி வீட்டில் இருக்கிறோம். புது மனுவுக்குப் பதில் ஜூனில் வந்தது. தபால்காரர் அதைக் கொண்டு சந்துக்குள் வந்தாராம். அங்கே வீடு இல்லாததால் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்.